இருட்டினால் கலையும் கூட்டம்

ஒற்றுமை பற்றி மேடையில் பேசுகிறவர்களுக்கு எறும்பும் காக்கையும் அலுத்துவிட்டன போலிருக்கிறது. கொஞ்ச காலமாக மீன்கூட்டம் வந்து சேர்ந்திருக்கிறது. பரிசளிப்பு விழா, விளையாட்டுப் போட்டி, ஏதாவதொரு சங்கத்தின் ஆண்டுக் கூட்டம், எதுவானாலும் சரி, ஒருவர் ஒலிவாங்கியைப் பிடித்துக்கொண்டு, "கடலுக்குள் போய்ப் பாருங்கள், ஆயிரம் மீன் ஒரே பக்கம் திரும்புகிறது, நாங்கள் மட்டும் ஏன் ஆளுக்கொரு பக்கம் இழுக்கிறோம்" என்று கேட்பார். திருகோணமலையில் இப்படிப் பேச வசதி அதிகம். கடல் பக்கத்திலேயே இருக்கிறது. ஆளுக்கொரு பக்கம் இழுப்பதற்கு மூன்று சமூகங்களும் இருக்கின்றன. கைதட்டலுக்குக் குறைவே வராது.

எனக்கு இந்த உதாரணம் எப்போதும் கொஞ்சம் உறுத்தும். ஏன் உறுத்துகிறது என்று கேட்டால் சொல்லத் தெரியாது, அவ்வளவுதான். அக்காவின் மகளுக்குத் தமிழ்த் தினப் போட்டியில் இதே தலைப்பு வந்தது. மற்றப் பிள்ளைகள் எல்லாரும் காக்கையைப் பிடித்துக்கொண்டதால் இவளுக்கு மீன் வேண்டுமாம். புறாத்தீவில் நான் எடுத்த வீடியோ ஒன்றைப் போட்டுக் காட்டினேன். மஞ்சள் மீன்கள், நூற்றுக்கு மேல் இருக்கும், ஒரு பாறையின் பக்கத்தில் அப்படியே நிற்கின்றன. பிள்ளை முழுவதையும் பார்த்தாள். திருப்பிப் போட்டும் பார்த்தாள். "மாமா, இதுகள் ஒண்டுமே சாப்பிடுதில்லையே. பேசுறதுமில்ல, விளையாடுறதுமில்ல. பிறகு என்னத்துக்கு ஒண்டா நிக்குது?" என்று கேட்டாள். பேச்சுக்குத் தேவையான பதிலை அவளே எழுதிக்கொண்டாள். கேள்வி மட்டும் என்னிடம் தங்கிவிட்டது.

மஞ்சளும் நீலமும்

புறாத்தீவுக்குப் போனவர்களுக்கு இந்த மீனை அறிமுகப்படுத்தத் தேவையில்லை. நிலாவெளிக் கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் அளவு தூரம்தான், போட் ஏறி உட்கார்ந்து தொப்பியைச் சரிசெய்வதற்குள் தீவு வந்துவிடும். 1963இல் சரணாலயம், 2003இல் தேசியப் பூங்கா. வருகிறவர்களில் பெரும்பாலானோருக்குச் சுறா பார்க்க வேண்டும். செட்டையின் நுனி கறுத்த அந்தச் சின்னச் சுறாக்கள் ஆழமில்லாத பக்கத்தில் சுற்றித் திரியும். அதைப் பார்த்தவுடன் கூச்சல் போட்டுவிட்டுக் கரைக்கு ஏறிவிடுவார்கள். மஞ்சள் மீன்கள் நிற்பது கொஞ்சம் ஆழமான பக்கம், பாறையும் முருகைக்கல்லும் சந்திக்கிற இடம். அங்கே சத்தம் குறைவு.

ஒரு சாண் நீளம் இருக்கும். நல்ல மஞ்சள் உடம்பு, வயிறு மட்டும் வெளிறியிருக்கும். தலையிலிருந்து வாலை நோக்கி நான்கு நீலக் கோடுகள், ஒவ்வொன்றுக்கும் மெல்லிய கருங்கரை. செப்பலி இனத்தைச் சேர்ந்தது. அறிவியலில் லுட்ஜானஸ் காஸ்மிரா. செங்கடலில் இருந்து கிழக்கு ஆபிரிக்கா, இந்தியப் பெருங்கடல், பசிபிக்கின் மார்க்கேசாஸ் தீவுகள் வரை இருக்கிற மீன். இதை முதலில் எழுதிவைத்தவர் பேட்டர் ஃபோர்ஸ்கால். டென்மார்க் அரசன் அனுப்பிய அரேபியப் பயணக் குழுவில் போனவர், 1763இல் யேமனில் மலேரியாவில் செத்துப்போனார். குழுவில் உயிரோடு திரும்பிய ஒரே ஆளான கார்ஸ்டன் நீபூர்தான் அவருடைய குறிப்புகளை 1775இல் அச்சுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மீன் பெயருக்குப் பின்னாலும் இப்படி ஒரு சாவு இருக்குமோ என்று சில நேரம் தோன்றும்.

தூரத்தில் இருந்து பார்த்தால் கூட்டம் ஒரே உடம்பாகத்தான் தெரியும். மேடைப் பேச்சாளர்கள் பார்த்தது இந்தத் தூரத்தை. கைகாலை அசைக்காமல் மிதந்துகொண்டு கொஞ்ச நேரம் கிடந்தால் அது உதிர ஆரம்பிக்கும். எல்லா மீனும் நீரோட்டத்துக்கு முகம் காட்டி நிற்கிறது என்பது உண்மை. ஆனால் ஒவ்வொன்றும் தன் பக்கச் செட்டையைத் தனித்தனிக் கணக்கில் அடித்துக்கொண்டு, பக்கத்து மீனில் முட்டாமலும் அதைவிட்டு விலகாமலும் இடத்தைத் திருத்திக்கொண்டே இருக்கிறது. கண் சும்மா இருப்பதில்லை. உருண்டு உருண்டு என்னைப் பார்க்கும், பக்கத்து மீனைப் பார்க்கும், கீழே பார்க்கும். வால் செட்டையில் ஒரு துண்டு போன மீன் ஒன்று வெளி ஓரத்தில் நின்றது. அது உள்ளே நுழையப் பார்த்தது. இடைவெளி கிடைத்ததும் புகுந்தது. அது புகுந்த இடத்திலிருந்து இன்னொன்று வெளியே வந்தது. வந்தது அங்கே நிற்கவில்லை. சுற்றிக்கொண்டு போய்ப் பின்பக்கத்தால் வேறொரு இடைவெளியில் புகுந்தது. ஒன்றாக நிற்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டிருந்த அந்த இடத்தில் உண்மையில் ஓயாமல் ஒரு இடப்பிடிப்பு நடந்துகொண்டிருந்தது. சண்டை கிடையாது, கடி கிடையாது. ஓரத்தில் நிற்க ஒருவருக்கும் விருப்பமில்லை, அவ்வளவுதான்.

தவளையும் பாம்பும்

இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டியவர் வில்லியம் ஹாமில்டன் என்ற ஆங்கிலேய உயிரியலாளர். 1971இல் அவர் எழுதிய கட்டுரையின் தலைப்பிலேயே சுயநல மந்தை என்று வரும். மீனில் தொடங்கவில்லை அவர், தவளையில் தொடங்குகிறார். ஒரு வட்டமான குளம். கரையைச் சுற்றித் தவளைகள். குளத்துக்குள் ஒரு பாம்பு. தினமும் ஒரு நேரத்தில் எங்காவது தலையை நீட்டி, தனக்குக் கிட்ட இருக்கிற தவளையைப் பிடிக்கும். எங்கே நீட்டும் என்று யாருக்கும் தெரியாது. அப்படியானால் ஒரு தவளை என்ன செய்யவேண்டும்? மற்ற இரண்டு தவளைகளுக்கு நடுவில், மிக நெருக்கமான இடைவெளியில் போய்க் குந்தவேண்டும். அப்போது பாம்புக்குக் கிட்டத்தில் இருப்பது அநேகமாக வேறு யாராவதாக இருக்கும். எல்லாத் தவளையும் இதையே செய்தால் கொஞ்ச நேரத்தில் கரையில் குவியல் குவியலாகத் தவளை. ஒருவருக்கும் மற்றவர் மீது பாசம் வேண்டியதில்லை. தலைவர் வேண்டாம். எனக்குப் பதிலாக நீ போ என்ற ஒரே எண்ணம் போதும், கூட்டம் தானாகக் கூடிவிடும்.

இதைப் படித்தபோது எனக்கு மீன் ஞாபகம் வரவில்லை. அம்மா சந்தைக்குப் போன காலம்தான் வந்தது. எங்கள் ஊரில் அந்த வருடங்களை விளக்கிச் சொல்லவேண்டிய ஆட்கள் இதைப் படிக்கப் போவதில்லை. அம்மா தனியாகப் போகமாட்டார். ஒழுங்கையில் ஐந்தாறு பெண்கள் சேரும்வரை படலையடியில் நிற்பார். சேர்ந்ததும் நடப்பார்கள். சோதனைச்சாவடி வருவதற்கு முன் கதை நின்றுவிடும், ஒருவரோடொருவர் ஒட்டிக்கொண்டு நடப்பார்கள், தாண்டியதும் மறுபடி இடைவெளி வரும். அந்தக் கூட்டத்தில் வேலிச் சண்டையில் முகம் பார்த்துப் பேசாத இரண்டு பேர் இருந்தார்கள். இருவரும் தோளோடு தோள் உரச நடந்ததை நான் கண்டிருக்கிறேன். திரும்பி வந்து ஒழுங்கைக்குள் நுழைந்ததும் ஒருத்தி வலப்பக்கம் பார்ப்பார், மற்றவர் இடப்பக்கம். யாராவது வெளியூர்க்காரர் அன்றைக்குப் படம் எடுத்திருந்தால் எவ்வளவு ஒற்றுமையான பெண்கள் என்று கீழே எழுதியிருப்பார்.

ஹாமில்டனின் கணக்குக்கு அடங்காத ஒன்றும் அதில் இருந்தது. அக்காவுக்கு அப்போது பதின்மூன்று, பதினாலு வயது. அம்மா அக்காவை நடுவில் தள்ளிவிட்டுத் தான் ஓரத்தால் நடப்பார். மற்றப் பெண்களும் அதற்கு இடம் விட்டார்கள், வேலிச் சண்டைக்காரர் உட்பட. மஞ்சள் மீனிடம் இது நடக்க வழியே இல்லை. இந்த மீன் முட்டையையும் விந்தையும் நீரில் விட்டுவிட்டுப் போய்விடும். ஒரு மில்லிமீற்றர்கூட வராத முட்டை, நீரோட்டத்தோடு மிதந்து போகும். பொரித்த குஞ்சு திறந்த கடலில் வாரக்கணக்காக அலைந்துவிட்டுத்தான் ஏதாவது ஒரு கரைக்கு வந்து சேரும். ஆகவே புறாத்தீவுப் பாறையில் பக்கத்தில் பக்கத்தில் நிற்கிற இரண்டு மீன் அண்ணன் தம்பியாக இருப்பதற்கு வாய்ப்பு மிக மிகக் குறைவு. ஒன்று எந்தக் கரையில் முட்டையாக விடப்பட்டதோ, மற்றது எங்கிருந்து வந்ததோ. அந்நியர்கள் ஒரே நிறத்தில் நிற்கிறார்கள்.

நிறம் என்று சொன்னதும் இன்னொன்றைச் சொல்லவேண்டும். கூட்டத்துக்குள் பாயும் பாரைக்கோ சீலாவுக்கோ உள்ள பெரிய கஷ்டம், எதைப் பிடிப்பது என்பது. எல்லாம் ஒரே மாதிரி, எல்லாம் ஒரே நேரத்தில் விலகுகிறது. ஒன்றைக் குறிவைத்தால் அதன் குறுக்கே இன்னொன்று. ஒரு மீன் வித்தியாசமாக இருந்துவிட்டால் அந்தக் கஷ்டம் தீர்ந்தது. 1986இல் லாண்டோ, டெர்போர்க் என்ற இருவர் வெள்ளி நிறச் சிறுமீன்களில் சிலவற்றுக்கு நீலச்சாயம் ஏற்றிக் கூட்டத்தில் கலந்துவிட்டு, இரைதேடும் பாஸ் மீனை உள்ளே விட்டுப் பார்த்தார்கள். சாயம் ஏற்றிய ஒன்றிரண்டு மீன் கூட்டத்தில் இருந்தால் பிடிப்பவனுக்கு வேலை சுலபமாகிவிடுகிறது. சாயம் பூசியவனுக்கு மட்டும் ஆபத்து என்றில்லை, கூட இருக்கிற மற்றவர்களுக்கும் ஆபத்து. தங்கள் மாதிரி இல்லாதவன் பக்கத்தில் நிற்பதை மீன்கள் விரும்பாததற்கு இதில் காரணம் இருக்கிறது. அந்தக் காரணம் எனக்குப் பிடிக்கவில்லை. கணக்கு சரியாக இருக்கிறதே என்பதும் பிடிக்கவில்லை.

இதன் கடைசி எல்லையில் நிற்பது ஒரு நகரை மீன். பசிபிக்கில், மார்க்கேசாஸ் தீவுகளிலும் லைன் தீவுகளிலும் இருக்கிறது. நகரை என்றால் தாடையின் கீழ் இரண்டு மீசை வைத்துக்கொண்டு மணலைக் கிண்டுகிற வகை, செப்பலிக்கும் அதற்கும் குடும்ப உறவு இல்லை. இந்த ஒரு இனம் மட்டும் மஞ்சள் உடம்பும் நீலக் கோடுகளுமாக அச்சு அசல் நம்முடைய மீன் போலவே மாறியிருக்கிறது, அதன் கூட்டத்துக்குள்ளேயே நின்று காலம் தள்ளுகிறது. 1980இல்தான் ராண்டல், கெசே என்ற இருவர் அது தனி இனம் என்று எழுதினார்கள். மீசையை மடித்து வைத்துக்கொண்டால் பக்கத்தில் போய்ப் பார்த்தால்தான் ஆள் வேறு என்று தெரியும். சிறுபான்மையாய் ஓரிடத்தில் வாழ்ந்தவர்கள் யாராவது அந்த மீனின் படத்தைப் பார்த்தால் சிரிப்பார்களா, வேறு ஏதாவது செய்வார்களா தெரியாது. நான் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன்.

இதற்காகக் கூட்டத்தின் அழகைக் குறைத்துச் சொல்ல வரவில்லை. அது திரும்புகிற விதம் இன்னும் என்னை வாய்பிளக்க வைக்கிறது. 1976இல் டோனி பிட்சரும் கூட்டாளிகளும் கண்ணை மறைத்த மீன் ஒன்றைக் கூட்டத்தில் விட்டார்கள், வடகடலில் உள்ள ஒரு வகை. அது இடம் தவறாமல் கூட்டத்தோடு நீந்தியது. மீனின் பக்கவாட்டில் செவுளிலிருந்து வால்வரை ஓடும் ஒரு கோடு உண்டு. பக்கத்து மீன் தண்ணீரைத் தள்ளுவதை அது உடனே உணர்ந்துவிடும். தண்ணீரே செய்தி. யாரும் கட்டளை கொடுப்பதில்லை. கூட்டம் திரும்பினால் பக்கத்தில் நின்றவர் முன்னால் வந்துவிடுகிறார், முன்னால் நின்றவர் பக்கத்துக்குப் போய்விடுகிறார். தலைவர் பதவிக்கு ஆயுள் ஒரு திருப்பம். நம் மேடைகளில் யாரும் மீன்கூட்டத்தின் இந்தப் பக்கத்தைச் சொல்லிக் கேட்டதில்லை.

சல்லிக்கு வெளியே

பிள்ளையின் கேள்வியில் பாதிக்குத்தான் ஹாமில்டனிடம் பதில் இருந்தது. ஏன் ஒன்றுமே சாப்பிடவில்லை என்பது அப்படியே நின்றது. அதற்குப் பதில் சொன்னவர் சல்லி என்ற கரையோர ஊரில் இருக்கிற ஒரு தூண்டில்காரர். என்னைவிட நல்ல மூத்தவர், அண்ணன் என்று கூப்பிடுவேன். வீடியோவைக் காட்டியதும் சிரித்தார். "பகல்ல இதுக்குத் தூண்டில் போட்டனெண்டா என்னைப் பார்த்துச் சிரிக்கும் தம்பி. மூக்குக்கு முன்னால கணவாயைக் கட்டித் தூக்கினாலும் திரும்பாது. பொழுதுபட வா, காட்டுறன்."

புறாத்தீவில் பின்னேரம் எல்லாரையும் வெளியே அனுப்பிவிடுவார்கள், ஆகவே அங்கே இதைப் பார்க்க முடியாது. அண்ணன் கூட்டிக்கொண்டு போனது பூங்காவுக்கு வெளியே, சல்லிக்கு நேரே உள்ள ஒரு பாருக்கு, அதாவது கடலடிப் பாறைத்திட்டுக்கு. கச்சான் காற்று விழுந்து கடல் எண்ணெய் ஊற்றியதுபோல் கிடந்த ஒரு பின்னேரம். கரையில் தெரிகிற ஒரு பனைமரத்தையும் அதற்குப் பின்னால் உள்ள தண்ணீர்த் தாங்கியையும் ஒரே நேரில் வைத்து, தெற்கே கோணேசர் மலையின் முனையையும் பார்த்து, இஞ்சினை நிறுத்தி நங்கூரத்தை இறக்கினார். ஜிபிஎஸ் எல்லாம் இப்போது பையன்களிடம் இருக்கிறது, அவருக்குத் தேவையில்லை. நான் கண்ணாடியை மாட்டிக்கொண்டு நங்கூரக் கயிற்றைப் பிடித்தபடி தண்ணீரில் இறங்கினேன்.

எங்கள் பக்கம் சூரியன் நிலத்தின் மேல்தான் இறங்கும். கடல் வெளிச்சம் கொஞ்சம் முந்தியே போய்விடும். கீழே பாறையின் கிழக்குப் பக்கத்தில் கூட்டம் நின்றது, புறாத்தீவில் பார்த்தது மாதிரியே. மஞ்சள் இன்னும் மஞ்சளாகத்தான் இருந்தது. முதலில் மாறியது இடைவெளி. பகலில் ஒரு மீன் நீளம்கூட விடாமல் நின்றவை கொஞ்சம் கொஞ்சமாகத் தள்ளித் தள்ளி நின்றன. பிறகு நெருங்கின. மறுபடி தள்ளின. பாறைக்கு அப்பால் மணல் தொடங்கும் விளிம்புவரை மூன்று நான்கு மீன் போய், நின்று, வேகமாகத் திரும்பி வந்தன. இன்னும் சில போய், அவையும் திரும்பின. பகல் மீன்கள் பொந்துக்குள் போய்விட்டிருந்தன. கிளிமீன் ஒன்றும் கண்ணில் படவில்லை. இரா மீன்கள் இன்னும் வெளியே வரவில்லை. பார் முழுவதும் வெறிச்சென்று இருந்தது. பெரிய மீன்கள் அடிக்கிற நேரம் இதுதான் என்பார்கள். கீழே நிற்கிறவனுக்கு மேலே உள்ள வெளிச்சம் தெரியும், மேலே நிற்கிறவனுக்குக் கீழே உள்ள இருட்டுத் தெரியாது. இந்த வெறிச்சோடிய கொஞ்ச நேரத்தில் போகவும் ஆசை, பயமும் விடவில்லை என்கிற மாதிரி அந்தக் கூட்டம் அந்த விளிம்பில் முன்னும் பின்னுமாக ஆடிக்கொண்டிருந்தது.

மஞ்சள் போய்ச் சாம்பலாகியது. கண்ணாடியில் தண்ணீர் ஏறியிருந்தது, ஊதி வெளியேற்றிவிட்டுக் குனிந்தபோது கூட்டம் பாதியாகிவிட்டிருந்தது. எந்தச் சைகையும் நான் காணவில்லை. எல்லாம் சேர்ந்து கிளம்பவும் இல்லை. மணல் பக்கம் போனவை இந்தத் தடவை திரும்பி வரவில்லை, அதுதான் வித்தியாசம். பின்னால் நின்றவை அவற்றைத் தொடர்ந்து போய், விளிம்பைத் தாண்டியதும் ஆளுக்கொரு பக்கம் பிரிந்தன. கடைசியில் பாறையடியில் ஏழெட்டுத்தான். பிறகு அவையும் இல்லை. எனக்கு நேரே கீழே ஒன்று தனியாக, தலை தாழ்த்தி, மணலை ஒட்டி நீந்திக்கொண்டு போனது. நின்றது, எதையோ குத்தியது, விலகியது. பகலில் பார்த்த மீனுக்கும் இதற்கும் நடையே வேறு. பகலில் எல்லாப் பக்கமும் உருண்ட கண் இப்போது கீழே மட்டும் பார்த்தது. எதிர்ப்பக்கத்தால் தன் இனத்து மீன் இன்னொன்று வந்தது. கிட்ட வந்ததும் இது லேசாக ஒதுங்கியது. அது தன்பாட்டில் போனது. பகல் முழுக்க ஒருவேளை பக்கத்தில் பக்கத்தில் நின்றவர்களாகக்கூட இருக்கலாம்.

போட்டில் ஏறினபோது அண்ணன் முதல் மீனை ஏற்றியிருந்தார். ஈயக்கட்டி மணலில் தட்டும்வரை தங்கூசியை விட்டு, ஒரு முழம் தூக்கி, சுட்டுவிரலில் தாங்கிக்கொண்டிருப்பார். கடி சின்னதாக இருக்கும், இரண்டு தட்டு, மூன்றாவதில் சுண்டுவார். "ஒண்டொண்டாத்தான் வரும். பகல்ல கும்பல், ராவைக்குத் தனி. நண்டுக்குஞ்சு, இறால் எண்டு பொறுக்கித் தின்னுறதுக்குக் கூட்டம் என்னத்துக்கு? பங்குக்கு ஆள் கூடும்." டோர்ச் வெளிச்சத்தில் போட்டின் அடிப்பலகையில் கிடந்த மீனின் நீலக் கோடுகள் இன்னும் அழியவில்லை; செவுள் திறந்து மூடும்போது நுனியில் இருந்த கோடு மட்டும் நெளிந்தது. "விடியக்க பார், பழையபடி அதே கல்லடியிலதான் நிக்கும்" என்றார்.

மேடைப் பேச்சில் என்னை உறுத்தியது எது என்று அன்றைக்கு அந்தப் போட்டில்தான் பிடிபட்டது. பயத்துக்காக ஒன்றாக நிற்பதைப் பாசம் என்று சொல்லிக் காட்டுவது. அம்மாவோடு சந்தைக்குப் போன பெண்களை நான் குறைவாக நினைக்கவில்லை. அவர்கள் ஒருவரையொருவர் பயன்படுத்திக்கொண்டார்கள், எல்லாரும் உயிரோடு வீடு வந்தார்கள், மறுநாளும் அதே படலையடியில் கூடினார்கள். வேலிச் சண்டை தீராமலே அதைச் செய்தார்கள் என்பதுதான் எனக்குப் பெரிதாகப் படுகிறது. அதைப் போய் அன்பு என்று பூசி மெழுகினால் அவர்கள் உண்மையில் செய்த காரியம் மறைந்துவிடுகிறது.

மொத்தமாக அள்ளுகிறவன்

ஹாமில்டனின் குளத்தில் பாம்பு ஒரு நேரத்தில் ஒரு தவளையைத்தான் பிடிக்கும். கணக்கு முழுவதும் அந்த ஒன்றில் தொங்குகிறது. பாரையும் சீலாவும் அப்படித்தான், ஒரு பாய்ச்சலுக்கு ஒரு மீன். இருநூறு பேரோடு நின்றால் இன்றைக்கு நான் போகும் வாய்ப்பு இருநூறில் ஒன்று. மொத்தமாக அள்ளுகிறவன் வந்தால் இந்த ஏற்பாடு அப்படியே தலைகீழாகிவிடும். பகல் முழுக்க ஒரே பாறையடியில், நாளைக்கும் நாளன்றைக்கும் அதே இடத்தில், அசையாமல் நிற்கிற மீனைவிட டைனமைட்காரனுக்கு என்ன வேண்டும்? தேடக்கூடத் தேவையில்லை. இலங்கையில் வெடிவைத்து மீன் பிடிப்பது 1996ஆம் ஆண்டின் 2ஆம் இலக்கச் சட்டத்தின்படி குற்றம். சட்டத்துக்குப் பிறகும் எங்கள் பக்கத்துக் கடலில் அந்தச் சத்தம் நிற்கவில்லை என்பது கரையில் இருக்கிற எல்லாருக்கும் தெரிந்த கதை. மீனின் வயிற்றுக்குள் காற்றுப்பை இருக்கிறது, அதிர்ச்சியில் அது வெடித்துவிடும். மிதக்கிறதை அள்ளுவார்கள், அடியில் போய்த் தங்கியது தங்கியதுதான். முருகைக்கல் நொறுங்கி வெறும் சல்லியாகும், உருண்டுகொண்டிருக்கிற சல்லியில் புதுமுருகை பிடிக்காது.

இந்த மீன் அழிந்துபோகும் இனம் ஒன்றும் இல்லை, அதையும் சொல்லிவிடவேண்டும். விட்ட இடத்தில் பிடித்துக்கொள்ளும். ஹவாயில் நல்ல சாப்பாட்டு மீன் போதாது என்று நினைத்து 1958இல் மார்க்கேசாஸில் இருந்து இதைக் கொண்டுபோய் ஓவாஹூ தீவில் விட்டார்கள். 1992 அளவில் அது தீவு தீவாக ஏறி 2000 கிலோமீற்றருக்கும் அப்பால் உள்ள மிட்வேவரை போய்விட்டது. இப்போது அங்கே மீனவர்களுக்கு அதைக் கண்டால் ஆகாது. விலை போகாது, உள்ளூர் மீனின் இடத்தைப் பிடிக்கிறது என்று திட்டுகிறார்கள். அங்குள்ள ஒரு குடாவில் ஆராய்ந்து பார்த்தபோது அங்கும் இதே பழக்கம்தான்: பகலில் பாறையில் கும்பல், இரவில் மணலில் தனித்தனி. கூட்டமாக நிற்கிற இடத்திலிருந்து உள்ளூர் நகரை மீன்களை இது மேலே தள்ளிவிட்டதாகவும் கண்டார்கள். இங்கே சுற்றுலாக்காரர் படம் எடுக்கிற மீன், அங்கே வந்தேறி. சரி, அது அவர்கள் வழக்கு.

எனக்கு அதைவிட யோசனை தந்தது கரிபியன் கடலில் செய்த ஒரு சோதனை. அங்கே வேறு குடும்பத்து மீன் ஒன்று, ஆங்கிலத்தில் கிரண்ட் என்பார்கள், இதே வாழ்க்கை: பகலில் முருகைக்கல்லில் கூட்டம், இரவில் கடற்புல்லில் மேய்ச்சல். பொழுதுபடும்போது அது தினமும் ஒரே வழியால்தான் போகும். ஹெல்ஃப்மனும் ஷூல்ட்ஸும் வேறிடத்து மீன்களைப் பிடித்துக்கொண்டு வந்து அந்தக் கூட்டத்தில் விட்டார்கள். புதியவை பழையவற்றின் பின்னால் போய் வழியைப் படித்துக்கொண்டன. பிறகு பழைய மீன்கள் எல்லாவற்றையும் எடுத்துவிட்டார்கள். புதியவை அதே வழியால் போய்வந்தன. பின்தொடர்வதற்குப் பழைய ஆட்கள் இல்லாத மீன்களுக்கு அந்த வழி பிடிபடவில்லை. 1984இல் வந்த ஆய்வு. சொந்தமில்லாத, பாசமில்லாத, ஒருவருக்குப் பின்னால் ஒருவர் ஒளிந்துகொள்ளும் கூட்டத்தில்கூட ஒரு சொத்து கைமாறுகிறது. யாரும் கற்பிக்கவில்லை, பார்த்துக்கொண்டு பின்னால் போனார்கள். செப்பலியில் இப்படிச் செய்து பார்த்ததாக நான் படிக்கவில்லை, ஆகவே இதை அண்ணனிடம் கதையாகத்தான் சொன்னேன்.

அவர் உடனே தலையாட்டவில்லை. பீடியைப் பற்றவைத்துக்கொண்டு, அந்தப் பாரில் முந்தி ஒரு தடவை வெடி போட்டார்கள் என்றார். இரண்டு பருவம் வெறுங்கல்லாகக் கிடந்ததாம். பிறகு பொடிமீன் வந்தது, பெருத்தது, கூட்டம் அதே கல்லடியில் பழையபடி நின்றது. "ஆனா முந்தி நான் நங்கூரம் போடுறது வடக்குப் பக்கம். பொழுதுபட அந்தப் பக்கத்தாலதான் இறங்கும். இப்ப அங்க போட்டா விடியுமட்டும் குந்தியிருக்கவேண்டியதுதான். இதுகள் கிழக்கால போகுதுகள்." மணல் மாறியிருக்கலாம், வெடியில் கல் சரிந்து வழி அடைபட்டிருக்கலாம் என்று அவரே இரண்டு காரணம் சொன்னார். நான் சொன்ன கதையை மூன்றாவதாக வைத்துக்கொண்டார். பிறகு கணவாய் முடிந்துவிட்டது, ஐஸ் பெட்டியில் இன்னும் இருக்கிறதா பார் என்றார்.